நூலுக்கு முன்னம்

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு இருந்தது. “நூலுக்கு முன்னம் கயிறு இழுத்த மாதிரி” என்பார்கள். வன்னியில் வளர்ந்து, இன்றைக்கு என்னைப்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவர்கள் உங்களில் இருந்தால் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருப்பீர்கள். கடைசிப் பாடத்துக்குப் போகாமல் சோதனையைக் குழப்பிக்கொண்ட பிள்ளைக்கு, தாலி கட்டுகிற கிழமையில் மனம் மாறிய மாப்பிள்ளைக்கு, கதிர் முற்றுமட்டும் காவல் இருந்துவிட்டு வெட்டுக்கு முதல் நாள் அயர்ந்துபோய் வயலைப் பன்றிக்குக் கொடுத்தவனுக்கு. முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறபோது கைவிடுகிறவனைச் சொல்வது அது.

நான் அதைச் சொல்வதில்லை. அந்தக் கயிற்றை இழுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

ஐம்பதுகளின் கடைசி. கிளிநொச்சிக்குக் கிழக்கே குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பது வயது. வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். மாமா எங்களோடுதான் இருந்தார். காடு வெட்டியபோது ஐயாவுக்குத் துணையாக வந்தவர், திரும்பிப் போகவில்லை. மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அவரிடம் ஒரு சோடிச் சவாரி மாடு இருந்தது. ஒன்று மயிலை, மற்றது செவலை. அவற்றுக்கு எள்ளுப் பிண்ணாக்கும் முட்டையும் கரைத்துக் கொடுப்பார். கொம்புக்கு நல்லெண்ணெய் பூசுவார். அந்த எண்ணெய் மணமும் வைக்கோல் மணமும் அவர் இடுப்பில் கட்டிய சாரத்தில் எப்போதும் இருக்கும். இப்போதும் யாராவது நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

காலபோக நெல் வெட்டு முடிந்து குளத்தில் தண்ணீர் வற்றினால், குளத்தடி வெளியில் மாட்டுவண்டிச் சவாரி நடக்கும். ஓடி முடிகிற இடத்தில் இரண்டு பாலை மரக் கப்புகளைத் தூணாய் நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே பட்டம் ஏற்றுகிற நூலைக் கட்டுவார்கள், மாட்டின் நெஞ்சு உயரத்துக்கு. கட்டுவதற்கு முன் அதைக் கெட்டியாய்க் கரைத்த மஞ்சளில் தோய்ப்பார்கள். இரண்டு வண்டில் ஒன்றாய் வந்து விழுந்தால் யார் முந்தி என்று புழுதியில் தெரியாது. அப்போது தலைமை வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு வந்து மாடுகளின் நெஞ்சைப் பார்ப்பார். எந்தச் சோடியின் நெஞ்சில் மஞ்சள் இருக்கிறதோ அது வென்றது. அதற்குப் பிறகு கதை இல்லை.

அதனால்தான் எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் நூல் வந்தது. “நூல் படட்டும், பிறகு பாப்பம்” என்பார் ஐயா, வயலில் பயிர் நன்றாய் நின்றால். பிரசவத்துக்கு இருக்கிற பெண்ணைப் பற்றி “இன்னும் நூல் படேல்லை” என்பார்கள்.

அந்தப் பங்குனியில் மாமாவோடு ஓடியது மில்காரரின் சோடி. நெல்லுக் குத்துகிற மில் வைத்திருந்தவர். வடக்கிலிருந்து நல்ல மாடாய்ப் பார்த்து இறக்கியிருந்தார். சனம் அன்றைக்கு எங்கெங்கிருந்தோ வந்திருந்தது. கடலை விற்கிறவர்கள், சர்பத் விற்கிறவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள். நான் பாதி வழியில், ஒரு கட்டை வண்டிலின் மேல் ஐயாவோடு ஏறி நின்றேன்.

மாமா எங்களைக் கடந்தபோது முன்னுக்கு நின்றார். மில்காரரின் வண்டில் முழுசாய் ஒரு வண்டில் நீளம் பின்னுக்கு. ஐயா என்னைத் தோளில் தூக்கிவிட்டார். எனக்கு மாமாவின் முதுகு தெரிந்தது, அதற்கு அங்கால் மஞ்சள் நூல் ஒரு கோடாய்த் தெரிந்தது. பிறகு அந்த முதுகு பின்னுக்குச் சரிந்தது. அவர் இரண்டு கையாலும் கயிற்றை நெஞ்சுவரைக்கும் இழுத்தார். மயிலை முழங்காலில் விழுந்தது. வண்டில் ஒரு பக்கமாய்த் திரும்பிக் கப்புக்கு முன்னால் குறுக்கே நின்றது. மில்காரரின் சோடி மற்றப் பக்கத்தால் போய் நூலை அறுத்தது.

பிறகு கூக்குரல்.

ஐயா என்னை இறக்கிவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாமா மயிலையின் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

“என்னடா செய்தனி?” என்றார் ஐயா.

“அத்தான், பிள்ளை ஒண்டு நிண்டது. நூலுக்கு அங்கால. சிவப்புச் சட்டை.”

“எந்தப் பிள்ளை?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். புழுதிதான் நின்றது. அது அடங்கியபோது ஆம்பிளைகள் சிலர் நின்றார்கள். பிள்ளை ஒன்றும் இல்லை. தலைமை வாத்தியார் சனத்தைப் பார்த்து, “ஆரின்ரையும் பிள்ளை உள்ளுக்கு ஓடினதோ?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நூலடியில் காவல் நின்ற இரண்டு பேரும் தாங்கள் மாடுகளைத்தான் பார்த்ததாகச் சொன்னார்கள்.

மில்காரர் கோபமில்லாமல்தான் சொன்னார். “தம்பி, தோத்தால் தோத்ததெண்டு சொல்லும். இல்லாத பிள்ளையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீர்?”

சனம் சிரித்தது. ஐயாவும் சிரித்தார் என்று நினைக்கிறேன். வெட்கத்தில் சிரித்திருப்பார்.

மறுநாள் மாமா வீடு வீடாய்ப் போனார். படலையில் நின்று, “அக்கா, உங்கட வீட்டில சிவப்புச் சட்டை போட்ட சின்னப் பிள்ளை இருக்கோ?” என்று கேட்டார். முதல் இரண்டு மூன்று வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு பெண்கள் அவரைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வாய்க்கால் கரையில் ஒரு அம்மா இருந்தா. காடு வெட்டிய காலத்தில் காய்ச்சல் வந்து அவாவின் ஒரே பெண்பிள்ளை செத்துப்போனது. குளக்கட்டுக்குப் பக்கத்தில்தான் குழி வெட்டித் தாட்டார்கள். மாமா கேட்டுத் திரிகிறார் என்று அறிந்து, ஒரு பின்னேரம் அவாவே எங்கள் முற்றத்துக்கு வந்தா. இருக்கச் சொல்லி அம்மா கதிரை கொண்டுவந்து போட்டா. அவா இருக்கவில்லை.

“தம்பி, முகத்தைக் கண்டனீரோ?”

மாமா எழும்பி நின்றார். “வடிவாக் காணேல்லை அக்கா.”

“மெலிஞ்சிருந்ததோ?”

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். “இல்லை அக்கா. நல்லா இருந்தது. கன்னச் சொக்கு ரண்டும் உருண்டையா இருந்தது.”

அவா தலையை ஆட்டினா. அழவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பாலைக் கப்படியில் ஒரு வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தது. அதற்கடுத்த வெள்ளியும் வைத்திருந்தது. காகம் தின்னும், எறும்பு மொய்க்கும். நாங்கள் பிள்ளைகள் குளத்தடியால் பள்ளிக்கூடம் போவதை விட்டுவிட்டு ரோட்டால் சுற்றிப் போகத் தொடங்கினோம். சிவப்புச் சட்டைப் பிள்ளை கப்பில் சாய்ந்துகொண்டு நிற்கிறது என்று ஒருத்தி சொன்னாள். கையில் மஞ்சள் பூசியிருக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். நான் அதைக் காணவில்லை. ஆனால் காணாததைக் கண்டதுபோலப் பயந்தேன். மத்தியான வெயிலில்கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டேன்.

பெரியவர்கள் இரண்டாய்ப் பிரிந்தார்கள். மாமா பேயைக் கண்டார் என்று கொஞ்சப் பேர். பயந்து கயிற்றை இழுத்துவிட்டுக் கதை கட்டுகிறார் என்று மிச்சப் பேர். மூன்றாவது ஒன்று இருக்கலாம் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா முதலாவது பக்கம். அவரைப் பூசாரியாரிடம் கூட்டிக்கொண்டு போய் மணிக்கட்டில் கறுத்த நூல் கட்டுவித்தா. மாமா சின்னப்பிள்ளைபோலக் கையை நீட்டிக்கொண்டு இருந்தார்.

அந்தப் பேச்சும் அப்போதுதான் பிறந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. கொஞ்ச நாளில் எல்லார் வாயிலும் இருந்தது. வாய்க்காலில் குதிக்கத் தயங்குகிற பொடியனைப் பார்த்து மற்றவர்கள் சொன்னார்கள். வகுப்பில் ஒரு கணக்கைப் பாதியில் விட்ட பிள்ளையிடம் தலைமை வாத்தியாரே, “என்ன, நூலுக்கு முன்னம் கயிறு இழுக்கிறாய்?” என்று கேட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தது. அவர் கெட்டவர் இல்லை. பழைய சேர்ட்டுகளைத் தைத்து வறிய பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். அந்தப் பேச்சு அவ்வளவு வசதியாய் இருந்தது, அவ்வளவுதான்.

மாமாவுக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றது. பெண்ணின் தகப்பன் நேரே வந்து மரியாதையாய்ச் சொன்னார். “கோவியாதேங்கோ. ஒரு குடும்பமெண்டால் கடைசிமட்டும் இழுத்துக்கொண்டு போகவேணும். நூலுக்கு முன்னம் கயிறு இழுக்கிறவருக்கு எப்பிடிப் பிள்ளையைத் தாறது?” அவர் போன பிறகு அம்மா குசினிக்குள் சட்டி பானைகளைப் போட்டு அடித்தா. மாமா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சோற்றை மிச்சம் விட்டுவிட்டு எழும்பினேன். ஐயா ஏதோ நினைவில், “என்ன, நூலுக்கு முன்னமோ?” என்றார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருந்தவரை நினைத்திருக்க வேண்டும். அம்மாவின் அகப்பை சட்டிக்குள்ளேயே நின்றது. மாமா கையிலிருந்த கவளத்தைச் சோற்றுக் கோப்பையில் வைத்தார். எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். ஐயா அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்று இத்தனை காலத்துக்குப் பிறகு நான் நினைப்பதில் என்ன பயன்?

அந்த வருடம் மாமா மத்தியானத்தில் பாயில் படுத்து உறங்கும்போது நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கை முஷ்டியும் மூடும். மெல்ல மெல்ல நெஞ்சுவரைக்கும் வரும். அங்கே நின்று நடுங்கும். பிறகு விரிந்து பாயில் விழும். நான் கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எழுப்பப் பயம்.

ஒருமுறை கண்ணைத் திறந்து என்னைக் கண்டுவிட்டார். “பிள்ளை, இஞ்ச வா” என்றார். போனேன்.

“அண்டைக்கு நீ அத்தான்ர தோளில இருந்தனியெல்லோ. நூலுக்கு அங்கால ஆரையும் கண்டனியோ?”

“இல்லை மாமா. உங்கட முதுகுதான் மறைச்சது.”

“காணேல்லையோ.” உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். “சரி. எனக்கும் இப்ப வடிவாத் தெரியேல்லை.”

அவர் மெல்ல மெல்ல அந்தப் பிள்ளையை இழந்துகொண்டிருந்தார். முதலில் சட்டையில் வெள்ளைப் புள்ளி இருந்தது என்றவர், பிறகு புள்ளி நிச்சயமில்லை என்றார். கடைசியில் தான் கண்டது பிள்ளைதானா, காற்றில் பறந்த துணியா என்றும் அவருக்குத் தெரியவில்லை.

அந்த மாரி மழை விடாமல் பெய்தது. அம்மா பிள்ளைத்தாய்ச்சி. மாதம் நிறைவதற்கு முன்னமே ஒரு காலையில் இரத்தம் போகத் தொடங்கியது. மருத்துவிச்சி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “என்னால ஏலாது, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்றா. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்ந்துகொண்டிருந்தது. ஆசுப்பத்திரிக்குப் போகிற ரோட்டின் பள்ளத்துக்கு மேலால் அந்தத் தண்ணீர் ஓடியது.

மாமா சவாரி வண்டிலைப் பூட்டினார். பாரம் குறைந்த வண்டில் அது ஒன்றுதான். அம்மாவை வைக்கோலில் கிடத்தினோம். தலையைப் பிடிக்க என்னை ஏற்றினார்கள். ஐயா பக்கத்தில் நடந்து வந்தார். தண்ணீர்க் கரைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

“தம்பி, வண்டில் சில்லு தாண்டுற தண்ணி. திருப்படா.”

“அக்கான்ர முகத்தைப் பாருங்கோ அத்தான்” என்றார் மாமா. “நீங்களும் ஏறினால் பாரம். இஞ்சையே நில்லுங்கோ.”

மாடுகள் இறங்கின. தண்ணீர் வண்டிலின் தட்டில் ஏறி வைக்கோலை நனைத்தது. அம்மாவின் தலை என் மடியில் பாரமாய் இருந்தது. முகம் மாவாய் வெளுத்திருந்தது. மாமா மாடுகளோடு கதைத்துக்கொண்டே போனார், தாலாட்டுகிற குரலில். அவர் பயப்படவில்லை. எனக்கு அது நிச்சயமாய்த் தெரியும். அவ்வளவு கிட்ட இருந்து அவர் முகத்தைப் பார்த்தவள் நான்.

கடந்துவிட்டோம். அன்று மத்தியானத்துக்குள் அம்மாவுக்குத் தம்பி பிறந்தான். இரண்டு பேரும் தப்பினார்கள். மாமா தம்பியைப் பார்த்தார், ஒரு விரலால் அவன் காலைத் தொட்டார், தோள் குலுங்கச் சிரித்தார். “அத்தான் அங்கால நிண்டு துடிப்பார். சொல்லிப்போட்டு வாறன்” என்று போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஐயா ஒரேயொரு முறைதான் சொன்னார். தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. செய்தி கேட்டுச் சனம் கூடி இந்தக் கரையில் நின்றது. மில்காரர், தலைமை வாத்தியார், கலியாணத்தை நிறுத்திய தகப்பன், நூலடியில் நின்றவர்கள், எல்லோரும். மாமா அந்தக் கரையிலிருந்து கையைத் தூக்கி, “பெடியன் அத்தான். ரண்டு பேரும் சுகம்” என்று கத்தினார். செய்தி சொல்லியாகிவிட்டது. அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஐயாவும் போகச் சொல்லித்தான் கையைக் காட்டினார். மாமா கரையில் நின்ற எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு மாடுகளை இறக்கினார்.

நடுத் தண்ணீரில் மயிலை தடக்கியது. கரையில் நின்ற எல்லோரும் ஒரே குரலில், “கயிற்றை இழு, இழு” என்று கத்தினார்கள்.

“அவன் இழுக்கேல்லை” என்றார் ஐயா. “கயிறு அவன்ர மடியில கிடந்தது. கை ரண்டும் சும்மா இருந்தது.”

இரண்டு நாளுக்குப் பிறகு மாமாவைக் கீழே மருத மர வேருக்குள் எடுத்தார்கள். மணிக்கட்டில் பூசாரியார் கட்டிய நூல் அப்படியே இருந்தது. ஒருவரும் அவரைப் பற்றித் தப்பாய்க் கதைக்கவில்லை. மில்காரர் பாடைக்குத் தோள் கொடுத்தார். ஆனால் அந்தப் பேச்சு நிற்கவில்லை. இனி அதற்கு மாமா எதற்கு? அடுத்த வெட்டுக்குள் மாமாவைத் தெரியாதவர்களும் சொன்னார்கள். கொஞ்ச வருடத்தில் அது கிழக்கே கடற்கரை வரைக்கும் போய்விட்டது.

நான் படித்து ஆசிரியையாகிப் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எழுபதுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை சந்தையில் கருவாடு பார்த்துக்கொண்டு நின்றேன். விற்றுக்கொண்டிருந்தவா கழுத்தில் செபமாலை போட்ட, என் அம்மா வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கொக்கிளாயிலிருந்து வருகிறவா. யாரோ ஒரு ஆளோடு விலை பேசி, கடைசியில் அலுத்துப்போய் அவன் கேட்டதற்கே கொடுத்துவிட்டா. பக்கத்தில் மரக்கறி விற்றவர், “என்னக்கா, நூலுக்கு முன்னம் கயிறு இழுத்துப்போட்டியள்” என்றார்.

“எல்லாரும் உந்தப் பேச்சைத்தான் சொல்லுறாங்கள்” என்று அவா என்னைப் பார்த்தா. “உதென்ன கதை ரீச்சர்?”

எனக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் சொன்னேன். எங்கள் பக்கத்துச் சவாரியில் ஒருவர் வெல்லப் போகிற நேரத்தில் கயிற்றை இழுத்துத் தோற்றார், அதில் வந்த பேச்சு என்றேன்.

“எந்தத் திடல்?”

சொன்னேன். அவா கையிலிருந்த தராசைக் கீழே வைத்தா.

“மஞ்சள் நூல் கட்டுற இடமோ?”

“ஓம்.”

“அவர் தோத்தவரோ ரீச்சர்? எனக்குத் தெரியாது.” அவா குரல் அடங்கிவிட்டது. “நான் ஒருக்காத்தான் அங்க வந்தனான். கப்புக்கு அங்கால ஓலைக் கடகத்தை வச்சுக் கருவாடு வித்துக்கொண்டு நிண்டனான். என்ர சின்னன் அந்த நூலைப் பிடிக்கவெண்டு ஓடிப்போட்டாள். நான் நிமிந்து பாக்க மாடு வருது. மாதாவாணை, நான் செத்துப்போனன். அந்த மனிசன் இழுத்தார். நான் புழுதிக்குள்ள பாய்ஞ்சு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடகத்தையும் விட்டிட்டு ஓடினனான். பிடிச்சால் அடிப்பாங்கள் எண்டு பயம். பிறகு அந்தப் பக்கம் வரேல்லை.”

நான் கேட்க வேண்டியிருந்தது. “என்ன சட்டை போட்டிருந்தவள்?”

“சிவப்பு. பெருநாளுக்குத் தைச்சது.” பிறகு, “அவர் எங்க இருக்கிறார் ரீச்சர்? ஒருக்காக் கண்டு ஒரு வார்த்தை சொல்லவேணும்” என்றா.

அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா கிணற்றடியில் நின்ற நேரத்தில் ஐயாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெற்றிலையை மடித்தவர் வாயில் வைக்கவில்லை.

“பிள்ளை தப்பினதோ?”

“ஓம் ஐயா. வளந்திட்டாள். தாயோட கருவாடு காயவைக்கிறாளாம்.”

வெற்றிலையைத் திரும்பத் தட்டத்தில் வைத்துவிட்டுச் சொன்னார். “கொம்மாவுக்குச் சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை.”

எனக்குக் கோபம் வந்தது. “ஏன்? மாமா பொய் சொல்லேல்லை எண்டு ஊர் அறியவேணும்.”

“அந்த வாய்க்கால்கரை மனிசி இப்பவும் வெள்ளிக்கு வெள்ளி பொங்கி வைக்குது. மாமா கண்டது தன்ர பிள்ளையை, அது நல்லா இருக்குது எண்டு நினைச்சுக்கொண்டு உயிரோட இருக்குது. அதுக்கு ஆர் போய்ச் சொல்லுறது? நீ சொல்லுவியோ?”

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு அந்த வாய்க்கால்கரை அம்மா இல்லை, ஐயா இல்லை, போன வருடம் அம்மாவும் போய்விட்டா. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதைக் கதைத்த மறுநாள் காலையில் ஐயா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். குடியேற்றத்தை விட்டுத் தூரம் போகாத மனிதர். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, ஒரு அலுவல் என்றார். பஸ் மாறிப் பஸ் ஏறிப் போய், அன்றைக்கு வராமல் அடுத்த நாள் பின்னேரம்தான் வந்தார். வேட்டியில் கடல் மணலும் உப்பும் ஒட்டியிருந்தது. கையில் பனையோலையில் சுற்றிய கருவாட்டுக் கட்டு.

நான் அவர் கால் கழுவத் தண்ணீர் கொண்டுபோனேன். குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “பாத்தனான். அந்தப் பிள்ளையிட்டத்தான் வாங்கினனான். மிச்சக் காசை எண்ணித் தந்திட்டு, ‘ஐயா எங்கயிருந்து வாறியள்’ எண்டு கேட்டவள்.”

“என்ன சொன்னியள்?”

“ஒண்டும் சொல்லேல்லை. பாத்துக்கொண்டு நிண்டனான்.”

அம்மா கட்டைப் பிரித்து மணந்து பார்த்து, நல்ல பாரைக் கருவாடு என்று சொல்லி அன்றைக்கே குழம்பு வைத்தா. வீடு முழுக்க மணந்தது. தம்பி முதலாவதாய் ஓடிவந்து பலகையில் குந்தினான். அம்மா ஐயாவுக்குப் பரிமாறினா. அவர் முதல் கவளத்தை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். “என்ன, உப்புக் கூடிப்போச்சோ?” என்று அம்மா கேட்டா. “இல்லை, நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடத் தொடங்கினார்.